இரண்டு நிமிடம், ஒரு கேள்வி: மாணவர்கள் கிரைம் திரில்லர் ஓப்பனிங் எடுப்பது எப்படி

கறுப்பு ஹூடி போட்ட ஒருவன் நடந்து வருகிறான். முகம் தெரியவில்லை, கையில் கத்தி. ஒரு பெண் ஓடுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், தடுக்கி விழுகிறாள். அலறல். திரை இருண்டு சிவப்பு எழுத்தில் தலைப்பு வருகிறது.

மாணவர்கள் எடுக்கும் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். இந்த ஓப்பனிங்கை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. எடுத்த பிள்ளைகள் யாரும் சோம்பேறிகள் இல்லை. ராத்திரி முழுக்கக் கண்விழித்து, கடன் வாங்கிய கேமராவில் உயிரைக் கொடுத்து எடுத்திருப்பார்கள். கிரைம் திரில்லருக்கு என்னென்ன தேவை என்று வகுப்பில் எழுதிக்கொண்ட பட்டியலில் இருந்து ஒன்றையும் விட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பார்த்து முடித்ததும் 'சரி, அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்கத் தோன்றாது.

ஒரு வகைமையின், அதாவது கிரைம் திரில்லர் போன்ற ஒரு படவகையின், வழக்கங்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைப் பார்ப்பவர் மனதில் விதைப்பதற்கான கருவிகள். கேள்வியை முடிவு செய்யாமல் கருவிகளை மட்டும் அடுக்கினால் அந்த ஹூடி படம்தான் வரும். இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே ஓப்பனிங்கை எடுத்துக்கொண்டு, யோசிப்பதில் தொடங்கி எடிட் வரை போகிறேன். ஒரு நடிகர், ஒரு வீட்டு வாசல், ஒரு போன் கேமரா இருந்தால் போதும்.

எதை எடுக்கப் போகிறோம்?

ஓப்பனிங் என்பது குறும்படமும் இல்லை, டிரெய்லரும் இல்லை. குறும்படம் ஒரு கதையை முடித்துவைக்கும். டிரெய்லர் படம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நல்ல ஷாட்டுகளைப் பொறுக்கிக் காட்டும். ஓப்பனிங் ஒரு முழுநீளப் படத்தின் முதல் இரண்டு நிமிடம். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு மணி நேரப் படம் இருக்கிறது என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். கொலைகாரன் யார் என்பதை இரண்டாவது நிமிடத்திலேயே காட்டிவிட்டு, 'ட்விஸ்ட் எப்படி சார்?' என்று கேட்பவர்கள் ஓப்பனிங்கை விட்டுவிட்டுக் குறும்படம் எடுத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் பள்ளி இறுதி நிலையில் மீடியா ஸ்டடீஸ் எடுத்த மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் இதுவே செய்முறைத் தேர்வாக இருந்தது: புதுப் படம் ஒன்றின் டைட்டிலும் தொடக்கமும், அதிகபட்சம் இரண்டு நிமிடம். ஏராளமான பிள்ளைகள் அதற்குத் திரில்லரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் எளிது. காதல் படத்துக்கு நடிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும், நகைச்சுவைக்கு டைமிங் பிடிபட வேண்டும். திரில்லரில் ஒளி, சத்தம், மறைத்துக் காட்டுவது ஆகிய மூன்றும் கைவந்தால் புது ஆள்கூட ஒப்பேற்றிவிடலாம்.

இன்னொரு வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். துப்பறியும் கதையில் குற்றம் நடந்து முடிந்திருக்கும். யார் செய்தது என்று தேடுவோம். திரில்லரில் ஆபத்து இன்னும் தீர்ந்திருக்காது, இந்த நிமிடம்கூட ஏதோ நடந்துகொண்டிருக்கும். இரண்டையும் கலக்கலாம், பலரும் கலக்கிறார்கள். ஆனால் உங்கள் ஓப்பனிங் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பாருங்கள்

உங்களுக்குப் பிடித்த ஐந்து திரில்லர்களின் முதல் மூன்று நிமிடத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை. முதல் தடவை சாதாரணமாக. இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, எத்தனை ஷாட், ஒவ்வொன்றும் எத்தனை நொடி என்று நோட்டில் குறித்தபடி. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, காதால் மட்டும். கற்றுக்கொள்ள நிறைய இருப்பது இந்த மூன்றாவது தடவையில்தான். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

பழைய படங்களில் இரண்டைச் சொல்கிறேன். 1931இல் ஃபிரிட்ஸ் லாங் ஜெர்மனியில் எடுத்த 'எம்' குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றியது. ஒரு அம்மா சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்துவிட்டுப் பள்ளியிலிருந்து வரவேண்டிய மகளுக்காகக் காத்திருக்கிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள், மாடிப்படியில் எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிறாள். வேறோர் இடத்தில் அந்தச் சிறுமி சுவரொட்டி ஒன்றின் மேல் பந்தைத் தட்டி விளையாடுகிறாள். கொலைகாரனைப் பிடித்துத் தருபவருக்குப் பரிசு என்று அறிவிக்கும் சுவரொட்டி அது. அதன் மேல் ஒரு ஆணின் நிழல் விழுகிறது. அவன் விசிலடிப்பது நமக்குக் கேட்கிறது. கொலையைக் காட்டவே இல்லை. புதரிலிருந்து பந்து உருண்டு வருகிறது, பலூன் மின்கம்பிகளில் சிக்கிக்கொள்கிறது, தட்டு காலியாகவே இருக்கிறது. லாங்குக்கு இது முதல் பேசும் படம். சத்தம் கைக்கு வந்ததும் அவர் ஆபத்தை ஒரு விசிலில் ஒளித்துவைத்தார்.

இன்னொன்று நம் சென்னையில் நடக்கும் கதை, 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்பதால்தான் அது பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. எனக்கு அதில் பெரிதாகப் படுவது, படம் தொடங்கிய உடனேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுவது. அவர் நாயகனாயிற்றே என்று உட்கார்ந்தவருக்கு முதல் நிமிடத்திலேயே தரை நழுவுகிறது. ஒரு வழக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதை மீறுவது எவ்வளவு வலுவான ஆயுதம் என்பதற்கு நம் மொழியிலேயே கிடைக்கும் பாடம் இது.

கேள்வியைப் பிடியுங்கள்

இனி நம் ஓப்பனிங். அதிகாலை ஐந்தரை மணி. பால் போடும் பையன் மொபெட்டில் ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறான். கிரில் கதவில் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போடப்போனால் நேற்றுப் போட்டது அப்படியே கிடக்கிறது, கெட்டுப்போய் உப்பியிருக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறான், கதவில் வெளிப்பூட்டு. ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நோட்டை எடுத்துக் குறிக்கப்போகிறான். அப்போது உள்ளேயிருந்து ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது. போனை எடுத்து 'டீச்சர் வீடு பால்' என்று சேமித்து வைத்திருக்கும் எண்ணை அழுத்துகிறான். வீட்டுக்குள் மணி அடிக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது மணியில் யாரோ அதைக் கட் செய்கிறார்கள். தலைப்பு.

கேள்வி இதுதான்: வெளியே பூட்டியிருக்கும் வீட்டுக்குள் போனைக் கட் செய்தது யார்?

இதில் ரத்தமோ கத்தியோ இல்லை. ஆனால் வகைமையின் வழக்கங்கள் வரிசையாக இருக்கின்றன. இயல்பாக நகரும் ஒரு காலைப்பொழுது குலைகிறது. ஆபத்து தெரியாத ஒரு சாதாரண ஆள் தடயத்தின் மேல் தடுக்கி நிற்கிறான். ஊருக்குப் போயிருப்பார்கள் என்ற திசைதிருப்பல் வருகிறது. முகம் காட்டாத ஒருவர் மறைவில் இருக்கிறார்.

உங்கள் கேள்வியையும் இப்படி ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'யார்', 'ஏன்', 'எங்கே' மூன்றும் ஒன்றாக வந்தால் இரண்டை வெட்டுங்கள். இதே கதைக்கு ஒரு குழுவுடன் உட்கார்ந்தபோது, போன் கட் ஆனதும் ஃபேன் சத்தமும் மெல்ல நின்றால் இன்னும் பயங்கரமாக இருக்குமே என்று ஒரு பெண் சொன்னாள். கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எழுதிப் பார்த்தபோது மனம் இரண்டாகப் பிரிந்தது: போனைக் கட் செய்தது யார், ஃபேனை அணைத்தது ஏன்? இரண்டும் சேர்ந்து பாதிப் பாதியாகின. ஃபேன் கடைசிவரை ஓடட்டும் என்று முடிவு செய்தோம்.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுத்துவிட வேண்டும். பார்ப்பவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரிந்ததைவிடக் கூடுதலா, சமமா? திரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் இதற்கு மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டை உதாரணமாகச் சொல்வார். குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் பார்ப்பவருக்குப் பதினைந்து நொடி அதிர்ச்சி. முன்பே தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம். நம் கதையில் பையனுக்குத் தெரிவது மட்டும்தான் நமக்கும் தெரியும். முதல் ஷாட்டிலேயே வீட்டுக்குள் ஒரு கை திரைச்சீலையை விலக்கிவிட்டு மூடுவதைக் காட்டினால் அது வேறு படம். பையன் வாசலில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் 'போயிடு தம்பி' என்று பார்ப்பவர் தவிப்பார். இரண்டுமே நல்லவை. பாதி வழியில் மாற்றாமல் இருந்தால் சரி.

எதை எடுப்பது, எதை விடுவது

வழக்கங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: குறைந்த ஒளி, நீண்ட நிழல், கைகளின் க்ளோஸ் அப், சாய்ந்த கோணம், மறைத்த முகம், பின்தொடரும் கேமரா, காலியான இடம், தடயம், கடிகாரம், போன், பூட்டு, கண்ணாடி, மழை. பிறகு நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடுங்கள். நாம் வைத்துக்கொள்வது குறைந்த ஒளி, கைகளின் க்ளோஸ் அப், ஒரு தடயம், காட்டாத எதிரி. சாய்ந்த கோணம் வேண்டாம். உலகம் நிலைகுலைந்துவிட்டது என்று சொல்லும் கோணம் அது, நம் பையனின் உலகம் கடைசி நொடியில்தான் குலைகிறது.

வைத்துக்கொண்ட நான்கையும் உங்கள் தெருவுக்குக் கொண்டுவருவதுதான் அடுத்த வேலை. பழைய அமெரிக்கக் குற்றப் படங்களில் ஜன்னல் பிளைண்ட்ஸ் வழியாக விழும் கோடு கோடான நிழல் ஒரு பெரிய வழக்கம், சிறைக் கம்பிகளை நினைவுபடுத்தும். நம் வீடுகளில் பிளைண்ட்ஸ் எங்கே இருக்கிறது? கிரில் கதவு இருக்கிறது. மொபெட்டின் ஹெட்லைட் கிரில் வழியாகச் சுவரில் விழுந்தால் அதே கம்பி நிழல், வண்டி திரும்பும்போது அது சுவர் முழுக்க நகரும். கறுப்பு ஹூடியும் அப்படித்தான். மதுரை மே மாத வெயிலில் ஹூடி போட்டு யார் நடக்கிறார்கள்? அதிகாலையில் குரங்குக் குல்லா போட்ட ஒரு பெரியவர் நடந்து போனால் முகம் மறையும், சந்தேகமும் வரும், நம்பவும் முடியும். கரன்ட் போனதும் கத்தும் இன்வெர்ட்டர், தண்ணீர் தொட்டி நிரம்பி வழிவது, கோலம் போடாத வாசல், அணைக்காத தெருக்குழாய் என்று நம்மிடம் இருக்கும் தடயங்களைத் திரில்லர் இன்னும் தொட்டே பார்க்கவில்லை.

ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இளம்பெண் ஒருத்தியைத் துரத்திக் கொன்று படத்தைத் தொடங்குவதும் இந்த வகைமையின் வழக்கம்தான். அதைத் தயவுசெய்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளுக்குப் பெயர் இருக்காது, ஒரு வரி வசனம் இருக்காது, பயப்படுவதும் விழுவதும்தான் அவள் வேலை. வகுப்பில் கூடப் படிக்கும் ஒரு பெண்தான் அதை நடித்துக் கொடுக்கிறாள், எடிட்டில் இன்னொருத்தி அதை நாற்பது முறை பார்க்கிறாள். பாதிக்கப்பட்டவரை ஒரு மனிதராக நினைக்கவைக்க முடிந்தால் பயம் தானாகக் கூடும். நம் கதையில் அந்த டீச்சர் திரைக்கே வருவதில்லை. ஆனால் 'டீச்சர் வீடு பால்' என்று சேமித்த பெயர், கிரில்லில் கட்டிய துணிப்பையில் ஊசிநூலால் போட்ட ஒட்டு, வாசலில் வரிசையாக வைத்த செடித்தொட்டிகள் ஆகிய மூன்றிலும் ஒருவர் வாழ்ந்த அடையாளம் இருக்கிறது.

காகிதத்தில்

இரண்டு நிமிடம் என்றால் 120 நொடி. சராசரியாக ஒரு ஷாட் நான்கைந்து நொடி என்று வைத்தால் 25 முதல் 30 ஷாட். குச்சி மனிதர்கள் வரைந்தால் போதும், ஆனால் ஒவ்வொரு ஷாட்டையும் கட்டம் போட்டு வரையுங்கள். கட்டத்துக்குக் கீழே இரண்டு வரி: என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது. இரண்டாவது வரியைக் காலியாக விடாதீர்கள். கடைசியில் நோட்டைப் புரட்டிப் பார்த்தால், தடயங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ஷாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். பாக்கெட்டையும் பூட்டையும் இடம் முழுதும் தெரியும் ஒரே வைட் ஷாட்டில் காட்டிவிட்டால், பார்ப்பவர் எதையும் கவனிக்க மாட்டார்.

இருட்டை எடுப்பது

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். நிஜ இருட்டில் போன் கேமராவைத் திறந்தால், அது இருட்டைப் பார்த்துப் பதறி உணர்திறனைத் தானே ஏற்றிக்கொள்ளும். கறுப்பு சாம்பலாகி, படம் முழுக்கப் புள்ளி பறக்கும். திரில்லரின் இருட்டு என்பது ஒளியைக் குறைப்பது மட்டும் இல்லை, ஒரே ஓர் இடத்தில் ஒளியை வைத்து மற்ற இடத்தை விழவிடுவது. திரையில் எங்கேயாவது ஒரு சிறு பகுதி நன்றாகப் பிரகாசித்தால்தான் மற்றது இருட்டாகக் கண்ணுக்குப் படும்.

கைமுறையாக அமைக்க உதவும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்; ப்ளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 400இலிருந்து 800க்குள் நிறுத்துங்கள். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மாறாதபடி பூட்டுங்கள், இல்லாவிட்டால் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறி எடிட்டில் அழ வேண்டியிருக்கும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. 1/50 அதோடு ஒத்துப்போகும். 1/60 வைத்தால் டியூப் லைட்டும் விலை குறைந்த எல்இடியும் திரையில் பட்டை பட்டையாக ஓடும்.

நம் காட்சிக்குச் சூரியன் எழுவதற்கு முந்தைய அந்த நீல வெளிச்சம் வேண்டும். அது கிட்டத்தட்ட இருபது நிமிடம்தான் தங்கும். ஆகவே வைட் ஷாட்டுகளை மட்டும் அந்த நேரத்தில் முடித்துவிடுங்கள். பூட்டு, பாக்கெட், நோட்டு, கை என்று க்ளோஸ் அப் எல்லாவற்றையும் பிறகு ஒரு நாள் ராத்திரியில் நிதானமாக எடுக்கலாம். ஒரே ஒரு எல்இடி விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளியைத் தட்டிவிட வெள்ளைத் தெர்மாகோல் போர்டு. நிழல் இன்னும் கறுப்பாக வேண்டும் என்றால் தெர்மாகோலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கறுப்புத் துணியைப் பிடியுங்கள். இந்தத் துணி தந்திரத்தைப் பலர் நம்ப மாட்டார்கள். ஒரு முறை பிடித்துப் பார்த்தால் விட மாட்டார்கள்.

மொபெட் விளக்கும் நமக்குக் கூலி இல்லாத லைட்தான். பழைய மொபெட்டுகள் பலவற்றில் என்ஜினை நிறுத்தினால் ஹெட்லைட்டும் கூடவே அணையும். வண்டிச் சத்தமும் வெளிச்சமும் ஒரே கணத்தில் போய், நீல இருட்டும் அமைதியும் வந்து உட்காரும். அந்த ஒரு கணத்தில் படத்தின் நிறம் மாறுகிறது.

கேமராவும் நடிப்பும்

முன்னே சொன்ன இங்கிலாந்துத் தேர்வில் படத்துக்கு முன்பு ஒரு சிறு பயிற்சி உண்டு. ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, எதிரே இருப்பவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு வரி பேச வேண்டும். அவ்வளவுதான். இதற்குள் மூன்று பாடம் இருக்கிறது: ஓர் அசைவின் நடுவே ஷாட் மாறினாலும் அசைவு அறுபடாமல் தொடர்வது, பேசுபவரையும் கேட்பவரையும் மாற்றி மாற்றிக் காட்டுவது, இருவருக்கும் நடுவே உள்ள கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டாமல் இருப்பது. உங்கள் ஓப்பனிங்குக்கு முன்னால் இதை ஒரு சாயங்காலம் எடுத்து, எடிட் செய்து பாருங்கள். ஒரு நாள் செலவில் ஒரு வாரக் குழப்பம் மிச்சமாகும்.

நம் கதையில் அந்தக் கோடு பையனுக்கும் கதவுக்கும் நடுவே ஓடுகிறது. அவன் வலப்பக்கம் பார்த்தால் பூட்டு இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், கடைசிவரை. போன் கட் ஆகும் அந்த நொடியில் மட்டும் கேமராவைக் கிரில்லுக்கு உள்ளே கொண்டுபோய், உள்ளிருந்து யாரோ பார்ப்பதைப் போல அவன் முகத்தைக் காட்டலாம். அதுவரை வெளியிலேயே நின்ற கேமரா உள்ளே போவதால் அந்த ஒரு ஷாட் முதுகைச் சில்லிடவைக்கும். அதற்கு முன்னால் ஒரு முறைகூட உள்ளே போய்விடாதீர்கள்.

நடிப்பவரிடம் 'பயந்து நடி' என்று சொல்லாதீர்கள். ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் தனித்தனியே ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டதாகச் சொல்வார்கள். முகம் மாறவே இல்லை. நம் பையனும் பூட்டைப் பார்க்கட்டும், காது கொடுத்துக் கேட்கட்டும், அது போதும். பயத்தைப் பார்ப்பவர் சேர்த்துக்கொள்வார்.

தெருவில் எடுக்கும்போது

கடத்தல் காட்சி ஒன்றைத் தெருவில் எடுத்துக்கொண்டிருந்தோம். கேமரா எதிர்மாடியில் இருந்ததால் கீழே நின்றவர்களுக்குப் படப்பிடிப்பு என்றே தெரியவில்லை. வழியே போன ஒருவர் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து எங்கள் நடிகரின் சட்டையைப் பிடித்துவிட்டார். அவர் செய்தது சரி, தப்பு எங்களுடையது. அன்றிலிருந்து கண்டிப்பாக வைத்திருக்கும் பழக்கங்கள்: அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே போய்ச் சொல்வது, கேமரா தெரியாத ஷாட் என்றால் கீழே ஒருவரை 'படப்பிடிப்பு' என்று எழுதிய அட்டையோடு நிறுத்துவது. பொம்மைத் துப்பாக்கி, கத்தி, போலீஸ் சீருடை ஆகியவற்றில் ஏதாவது தெருவில் தெரியப்போகிறது என்றால் கல்லூரிக் கடிதத்தோடு உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கத்திக்கு அட்டையில் வெட்டி அலுமினியத் தாள் ஒட்டியது போதும், கூர்மையானது எதுவும் செட்டுக்கு வரவே கூடாது. உண்மையான வண்டி எண், போன் எண், வீட்டுப் பெயர்ப்பலகை திரையில் வராமல் பாருங்கள்.

சத்தம்

நம் ஓப்பனிங்கில் சத்தத்தை எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது. ஃபேனும் போன் மணியும்தான் கதையே. ஆகவே ஷூட்டிங் முடிந்ததும் வீட்டுக்கு ஓடாதீர்கள். எல்லோரையும் அசையாமல் நிற்கச்சொல்லி அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்பார்கள். வெட்டிய ஷாட்டுகளுக்கு அடியில் இதைப் பாய் மாதிரி விரித்தால்தான் ஷாட் மாறும் இடமெல்லாம் சத்தம் தடக்கென்று அறுபடாமல் இருக்கும்.

மற்ற சத்தங்களைத் தனித்தனியே பிறகு எடுங்கள். இன்னொரு போனைப் பொருளுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவு செய்தாலே நன்றாக வரும். பூட்டு கிரில்லில் மோதுவது, பாக்கெட் பைக்குள் விழும் தொப், செருப்பு மணலில் உரசுவது, நோட்டின் தாள் புரள்வது. ஃபேனுக்குப் பழைய விடுதி அறை எதையாவது தேடுங்கள், சுற்றும்போது 'டக் டக்' என்று தட்டும் ஃபேன் வேண்டும். அதை அறைக்குள் நின்று பதிவு செய்து பிறகு மென்பொருளில் மங்கலாக்குவதைவிட, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று பதிவு செய்யுங்கள். கதவு செய்யும் வேலையை எந்த ஃபில்டரும் அவ்வளவு அழகாகச் செய்யாது. போன் மணிக்கும் இதே முறைதான்.

பின்னணி இசை? நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகப் போதும். படப் பாடல்களையோ வேறு படங்களின் பின்னணி இசையையோ எடுத்து ஒட்டாதீர்கள். அது அடுத்தவர் உரிமை, அதோடு அந்தப் படத்தின் நினைவு உங்கள் படத்தை விழுங்கிவிடும். கீபோர்டில் தாழ்ந்த ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்துப் பதிவு செய்து, பையன் பூட்டைப் பார்க்கும்போது காதுக்கு எட்டாத அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். மணி அடிக்கத் தொடங்கியதும் அதை முழுக்க நிறுத்திவிடுங்கள். மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள அமைதியில்தான் பார்ப்பவர் மூச்சைப் பிடிப்பார்.

எடிட்டும் டைட்டிலும்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு இதற்குத் தாராளமாகப் போதும். முதல் எடிட் மூன்று நிமிடம் வரும், வந்தாக வேண்டும். அதிலிருந்து ஒரு நிமிடத்தை வெட்டும்போதுதான் படம் பிறக்கிறது. பையன் வண்டியில் வரும் பகுதியைத் தயங்காமல் சுருக்குங்கள், வாசலில் நிற்கும் பகுதியை நீளவிடுங்கள். திரில்லர் என்றால் வேகமாக வெட்ட வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. பயம் வருவது வெட்டாமல் காத்திருக்கும் ஷாட்டில். மூன்றாவது மணிக்கும் நான்காவது மணிக்கும் நடுவே பூட்டின் மேல் எட்டு நொடி அப்படியே நில்லுங்கள்.

டைட்டில்களைத் தனிக் கறுப்புத் திரையில் போடாமல் காட்சியிலேயே, ஆளில்லாத இருண்ட சுவரிலோ வானத்திலோ வையுங்கள். தயாரிப்பு நிறுவனம், நடிகர்கள், எடிட்டிங், இசை, ஒளிப்பதிவு, கடைசியில் இயக்கம் என்று வரிசை. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நொடி. தடயம் தெரியும் ஷாட்டின் மேல் எந்தப் பெயரும் வரக்கூடாது, கண் எழுத்தைப் படிக்கப் போய்விடும். ரத்தம் சொட்டும் எழுத்துரு பேய்ப் படத்துக்கு உரியது. நமக்கு மெல்லிய, சாதாரண எழுத்தே போதும். சில எடிட்டிங் மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறி வரும். அப்படி ஆனால் வேறு மென்பொருளில் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் செய்து மேலே ஒட்டுங்கள். படத்தின் தலைப்பு, நான்காவது மணி அறுந்த பிறகு ஒரு நொடி விட்டு வரட்டும்.

காட்டிப் பாருங்கள்

முடித்ததும் கதை தெரியாத ஐந்து பேரிடம் காட்டுங்கள். அதில் ஒருவராவது வீட்டில் பெரியவராக இருக்கட்டும். 'எப்படி இருக்கு' என்று கேட்காதீர்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 'இப்போ உங்களுக்கு என்ன தெரிஞ்சாகணும்?' என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொல்வதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் புகுந்து விளக்கம் சொல்லாதீர்கள்.

மூன்று பேருக்கு மேல் 'உள்ளே யாரு?' என்று கேட்டால் படம் தயார். 'அந்தப் பையன்தான் ஏதாவது செஞ்சானா?' என்று கேட்டால் அவன் முகத்தில் எங்கோ அதிகமாக நின்றிருக்கிறீர்கள், அந்த க்ளோஸ் அப்பில் இரண்டு நொடியை வெட்டுங்கள். 'போன் ஏன் நின்னுச்சு, எடுக்கலைன்னா தானா நிக்குமே' என்றால் கட் ஆனது உறைக்கவில்லை. நான்காவது மணியை முழுதாக அடிக்கவிடாமல் பாதியில் அறுத்து, பையன் கையில் இருக்கும் போன் திரையை ஒரு க்ளோஸ் அப்பில் காட்டுங்கள். 'ஃபேன் சத்தமா? கேக்கலையே' என்றால் அவர்கள் பார்த்தது போன் ஸ்பீக்கரில். ஹெட்போன் கொடுத்து மறுபடி காட்டுங்கள், அப்போதும் கேட்கவில்லை என்றால் ஃபேனை ஏற்றுங்கள்.